காளையை மறைக்க மறந்துவிட்டோம், செந்தில்

அன்பு மாப்ள செந்திலுக்கு,

நீ கண்ணை மூடி ஒன்பது மாதம் ஆகிறது. கடிதமெல்லாம் எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். அழுது எழுதினால் நீ சிரிப்பாய். ஆனால் இப்போது பயமாக இருக்கிறது. இதைச் சொல்ல உன்னை விட்டால் எனக்கு ஆள் இல்லை.

நேற்று நம் ஆவணப்படத்தை மறுபடி பார்த்தேன். துடியலூர் கேம் கம்பெனியைப் பற்றி நாம் இரண்டு பேரும் அலைந்து எடுத்த அதே படம்தான். ரேக்ளா மாட்டுவண்டிப் பந்தய கேமை இரண்டு வருடம் உட்கார்ந்து செய்த ஒன்பது பேர், கேமில் எங்கள் பெயரையும் போடுங்கள் என்று கேட்டார்கள். வேலைக்குச் சேர்ந்த அன்று அவர்களிடம் கையெழுத்து வாங்கி வைத்திருந்த வெள்ளைத்தாள்கள், மறுநாளே ராஜினாமாக் கடிதங்களாகிவிட்டன. முதலாளி யாரையும் திட்டவில்லை. "ஊட்டுக்குப் போயிட்டு வாங்க கண்ணு" என்று கதவு வரை வந்து அனுப்பிவைத்தார். அந்த மரியாதையை நினைத்தால் இன்றும் எனக்கு உடம்பு எரிகிறது.

வெள்ளைத்தாள் விஷயத்தைக் கேமரா முன்னால் சொன்னவள், அவர்களோடு கேமுக்கு வரைந்த கலாமணி ஒருத்திதான். பெயர் கேட்ட ஒன்பது பேரில் அவள் இல்லை; இன்னும் அங்கேதான் வேலை செய்கிறாள். முதலாளி அவள் அப்பாவுக்கு ஒரம்பரைச் சொந்தம் வேறு. தெரிந்தால் வேலை மட்டும் போகாது. காங்கேயம் பக்கத்துத் தோட்டத்தில் இருக்கும் அவள் குடும்பத்தில் ஒரு நல்லது கெட்டது என்றால் சொந்தத்தில் ஒருவரும் வாசல் மிதிக்க மாட்டார்கள். அதனால்தான் முகத்தை மங்கலாக்கினோம், குரலை மாற்றினோம். "இனி அவங்கப்பனுக்கே அடையாளந் தெரியாது மாப்ள" என்று சொல்லி நீ கம்ப்யூட்டரை மூடினாய்.

போன வாரம் அந்த கேமின் இரண்டாம் பாகத்துக்கு விளம்பரம் வந்தது. நேற்று இணையத்தில் நம் படத்துக்குக் கீழே யாரோ எழுதியிருந்தார்கள்: "இந்தக் காளைய எங்கியோ பாத்த மாதிரி இருக்குதுங்க."

அதைப் படித்துவிட்டுத்தான் படத்தை ஓட்டினேன். கலாமணிக்குப் பின்னால், மாடு கட்டும் கட்டுத்தறியில், இடது காது கிழிந்த அவள் வீட்டுக் காளை. அதன் நடையைப் படம் பிடித்து வைத்துத்தான் கேமில் காளையை வரைந்தாள், கிழிந்த காது உட்பட. விளம்பரத்தில் அந்தக் காதுதான் திரை முழுக்க வருகிறது. மாட்டைப் பார்த்ததும் இன்னார் தோட்டத்து மாடு என்று சொல்லும் ஊர்களில் பிறந்துவிட்டு, மனுஷ முகத்தை மட்டும் மறைத்திருக்கிறோம். எப்படிடா விட்டோம்?

உடனே கலாமணியைப் போனில் கூப்பிட்டுச் சொன்னேன்.

"எனக்கும் இன்னைக்குத்தானுங்கண்ணா தெரியும்," என்றாள். "காலைல மொதலாளி டீ குடிச்சுட்டே, உங்கூட்டுக் காள நல்லாருக்குதா கண்ணுன்னு கேட்டாருங்க. மூணு வருஷத்துல மாட்டப் பத்தி ஒரு பேச்சுப் பேசுனதில்லீங்க."

"நீ என்னம்மணி சொன்ன?"

"நல்லாருக்குதுங்கன்னேன். வேறென்னத்தச் சொல்றது? சிரிச்சுட்டுப் போயிட்டாருங்க."

சும்மா கேட்டாரா? தெரிந்து கேட்டாரா? சத்தம் போட்டிருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

படம் உன் கணக்கில் இருக்கிறது. உன் போன் இல்லாமல் அதை இணையத்திலிருந்து நீக்க முடியாது. அவிநாசியில் உன் அம்மா அந்த போனைத் தினமும் சார்ஜ் போட்டு வைத்திருக்கிறார்கள். சாயங்காலமானால் படத்தை ஓட்டி, ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். காளை நிற்கும் இடம்தான் அது. கேமராவுக்குப் பின்னாலிருந்து நீ கேட்கிறாய்: "பயமா இருக்குதுங்களா?" படம் முழுக்க உன் குரல் வருவது அங்கே மட்டும்தான். அந்த போனை நான் போய் அம்மாவிடம் எந்த வாயால் கேட்பேன்?

கேட்டுத்தான் ஆக வேண்டும். நாளைக் காலை முதல் பஸ்ஸில் போகிறேன். படத்தை நீக்கிவிடுவேன். முழுப்படத்தின் பிரதி ஒன்று அம்மாவுக்கு மட்டும் இருக்கும். காளை வரும் இடத்தை வெட்டி, கலாமணி சரியென்று சொல்லும் நாளில் திரும்ப ஏற்றுவேன். அந்த ஒன்பது பெயரும் அதில் இருக்கும். உன் குரல் இருக்காது.

அன்று நீ கேட்டதற்குக் கலாமணி தலையை மட்டும்தான் ஆட்டினாள். நான் வாய்விட்டே சொல்கிறேன். பயமா இருக்குது மாப்ள. இருந்தாலும் போறேன்.

உன் அம்மா கையால் உன்னோடு ஒரே தட்டில் சாப்பிட்ட
உன் மாப்ள,
பிரபு