அறுபத்தொன்றாம் எண் பெட்டி

பிப்ரவரி 4, திங்கள்

வெயில் மண்டையைப் பிளக்கிறது. இதில் உட்கார்ந்து கம்பளிக் காலுறை எண்ணுகிறேன். ஆறு ஜோடி வேண்டும். இருப்பது இரண்டு.

அயர்லாந்து மடத்திலிருந்து பட்டியல் வந்து பத்து நாள். தங்கை ஞானம் கன்னியாஸ்திரியாகப் போகிறாள். கப்பல் அடுத்த செவ்வாய். எழுதிப் பார்த்தாலாவது நம்புவேனோ என்று எழுதினேன். இல்லை. மடத்தில் சேர்ந்தவர்களை எந்த நாட்டுக்கும் அனுப்புவார்களாம், வீட்டுக்கு மட்டும் அனுப்பமாட்டார்களாம்.

பட்டியல்: பிளானல் உள்பாவாடை 3. கம்பளிச் சட்டை 2. கையுறை. மழைக்கோட்டு. கலோஷஸ் 1 ஜோடி. பிரயாண ரக் 1. எல்லாத் துணியிலும் சிவப்பு நூலில் 61 என்று தைக்க வேண்டும், அதுதான் அவளுக்குக் கொடுத்த எண். கடைசியாக, பெற்றோர் சம்மதக் கடிதம்.

கடிதத்தில் தகப்பனார் இடத்தில் அப்பா கையெழுத்துப் போட்டுவிட்டார். தாயார் இடம் காலி. அம்மா இறந்துபோகும்போது ஞானத்துக்கு இரண்டு வயது, எனக்குப் பதினான்கு.

"நீதானம்மா வளர்த்தே. அங்க நீயே போட்டுடு, செசிலி" என்றார் அப்பா.

"பாக்கலாம்" என்று அலமாரியில் வைத்தேன். துணிகளுக்கு அடியில்.

5, செவ்வாய்

கலோஷஸ் என்றால் என்ன? பள்ளி அகராதியைப் பார்த்தேன். மழையில் கால் நனையாதிருக்கச் சப்பாத்துக்கு மேல் மாட்டும் ரப்பர் சப்பாத்து. கேம்பல் ஸ்ட்ரீட் கடைகள் முழுக்க ஏறி இறங்கியாயிற்று. திரும்பின பக்கமெல்லாம் ரப்பர்த் தோட்டம் உள்ள நாடு, ஒரு ஜோடி ரப்பர் சப்பாத்துக்கு வழியில்லை. கடைக்காரச் சீனர் மாட்டுவண்டிச் சக்கரத்து ரப்பரைக் காட்டி, வெட்டித் தரட்டுமா என்கிறார். நல்ல ஆள்!

உள்ளுக்குள் ஒரு சந்தோஷம், கிடைக்கவில்லை என்று. சாமி மன்னிக்கட்டும்.

6, புதன்

மானம் போயிற்று. ரக் என்றால் ஜமக்காளம் என்று அப்பாவிடம் சொல்லியிருந்தேன். சூலியா ஸ்ட்ரீட் பாய் கடையிலிருந்து சிவப்பும் நீலமுமாக ஒன்று வந்து இறங்கியது. தூக்க இரண்டு ஆள். எங்கள் பள்ளியின் ஐரிஷ் சிஸ்டரிடம் சொன்னேன். ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். கப்பல் தளத்தில் முழங்காலுக்கு மேல் போர்த்துகிற கம்பளியாம். பத்து வருஷமாக இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறவள் நான்!

ஞானம் அதன் மேல் உருண்டு சிரித்தாள். "அக்கா, இதையே கொண்டு போறேன் லா! அத்தனை சிஸ்டரும் பந்தியா உக்காந்து சாப்பிடலாம்!"

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இந்த வீட்டில் சிரித்துப் பன்னிரண்டு நாள் ஆகிறது.

7, வியாழன்

எண் தைத்தேன். பாவாடை 3, சட்டை 2, கைக்குட்டை 12. விரலில் குத்தியது இருமுறை.

அவளை முதன்முதலில் பள்ளிக்கு அனுப்பியபோது, கவுன் மாறிப்போகாமலிருக்க "ஞா" என்று ஓர் எழுத்து மட்டும் தைத்தேன். அழுது ஆர்ப்பாட்டம். "முழுப் பேரும் போடு. இது பாதி நான்தான்." பிரித்து, முழுப் பெயரும் தைத்த பிறகுதான் போட்டுக்கொண்டாள். இப்போது 61. ஒரு புகாரும் இல்லை. எனக்குத்தான் ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

8, வெள்ளி

காலுறை வந்துவிட்டது. கலோஷஸும் சிங்கப்பூரிலிருந்து. வந்து தொலைந்தது.

அயர்லாந்தில் வெயிலை நம்பித் துணி காயப்போட முடியாதாம். போட்டுவிட்டுத் திரும்புவதற்குள் மழை, எடுத்து வைத்தால் மறுபடி வெயில் என்கிறார் சிஸ்டர். இந்தப் பெண் இங்கேயே குடையை மறந்துவிட்டு வருகிறவள்.

நாங்கள் அறிந்த குளிர் இந்த ஊர்க் கொடிமலைக் குளிர் ஒன்றுதான். மலை ரயில் புதிதாக விட்ட சமயம். அவளுக்குப் பதினொன்று. மேலே மேகம் வந்து மூடியது, பல் கிடுகிடு என்கிறது. என் சேலைத் தலைப்புக்குள் புகுந்துகொண்டு, "இன்னும் கொஞ்ச நேரம் இருப்போம்க்கா" என்றாள். அன்று நான் கம்பளி எதுவும் கொண்டுபோகவில்லை. எவ்வளவு நல்லதாகப் போயிற்று! அந்த ஒரு மணி நேரத்தைப் போல் ஒன்று எனக்கு அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

10, ஞாயிறு

பூசை முடிந்து வந்ததும் கேட்டாள். "அக்கா, அந்தக் கடிதம் எங்க?"

"தேடணும்."

"அலமாரியில மூணாவது தட்டு. உன் சேலைக்கு அடியில. எப்பவோ பாத்துட்டேன். நீயா எடுப்பேன்னு இருக்கேன்."

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "போறதுக்கு அவ்வளவு அவசரமா உனக்கு?"

"அவசரம் இல்லக்கா. பயம். நீ போடலேன்னா நான் போகாம இருந்துடுவேன். அப்புறம் உன்னோட முகம் குடுத்துப் பேசவே மாட்டேன். அதான் பயம்."

நான் சமையலறைக்குப் போய்விட்டேன். மீன் கருகியது. அப்பா கருகினதையே சாப்பிட்டார்.

11, திங்கள்

காலையில் தூறல், பிறகு புழுக்கம்.

போட்டுவிட்டேன். தாயார் என்று அச்சடித்த இடத்தில், செசிலி. பள்ளிக்கூடத்துப் பேனா, மை திட்டாகிவிட்டது. ஞானம் பக்கத்தில் நின்றாள். ஊதி ஊதிக் காய வைத்தாள்.

பெட்டி அடுக்கினோம். கனமானவை அடியில். கையுறை ஓரத்தில். கப்பலில் வேண்டியவை தனிப் பையில். மூடி மூடவில்லை. "ரெண்டு பேரும் ஏறி உக்காருங்க" என்றார் அப்பா. உட்கார்ந்தோம். அப்பா குனிந்து பூட்டினார், சாவியை என் கையில் கொடுத்தார், வெளியே போனார்.

பூட்டியாயிற்று. இரண்டு பேரும் இறங்கவில்லை.