சத்தம் குறைந்த கேபினெட்

மார்ச் 3, செவ்வாய்
போனில் அளந்து பார்த்தேன். கம்ப்யூட்டர் சும்மா இருக்கும்போது 41 டெசிபல்; படம் தயாராகும்போது 52. சமையலறை அலமாரி செய்கிறவர்களுக்கு, செய்வதற்கு முன்பே அது போட்டோ போலத் தெரியும்படி படம் செய்து கொடுப்பது என் வேலை. ஒரு படத்துக்கு இருபது நிமிடம் இயந்திரம் மூச்சு வாங்கும். இதே அறையில், என் நாற்காலிக்கு நான்கடி தள்ளி, என் கணவருடைய அக்கா தூங்குகிறார். புருஷன் வீட்டை விட்டு இங்கே வந்து இருபது நாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ், இரவு ஷிப்ட். காலை ஒன்பதுக்குப் படுத்தால் மூன்றுக்கு எழுவார்.

புதுக் கம்ப்யூட்டருக்கு எல்லாம் முடிவு செய்தாகிவிட்டது. பாகங்களை உள்ளே மாட்டும் கேபினெட் மட்டும் பாக்கி.

"ஒரு தகர டப்பாவுக்கு இத்தனை ஆராய்ச்சியா? நம்ம கல்யாணத்துக்குக்கூட நீ இவ்வளவு யோசிக்கல" என்றார் இவர். உண்மைதான்.

மார்ச் 5
அக்கா தலையணையை முகத்தின் மேல் வைத்துக்கொண்டு தூங்குகிறார். ஒரு வார்த்தை குறை சொல்வதில்லை. சொல்லித் தொலைத்தால் தேவலை.

மார்ச் 8, ஞாயிறு
கடை டெக்னீஷியனுக்கு நான் வைத்திருக்கும் பெயர் சோடாபுட்டி. அவ்வளவு கனமான கண்ணாடி. இரண்டு கேபினெட்டை மேசைமேல் வைத்தார். ஒன்றுக்கு முன்பக்கம் முழுக்கச் சல்லடை. இன்னொன்று எல்லாப் பக்கமும் அடைப்பு, உள்ளே கறுப்புப் பஞ்சு ஒட்டியது.

"பஞ்சு சத்தத்தை அடக்கும் மேடம். கூடவே சூட்டையும் உள்ளயே வச்சுக்கும். அப்புறம் ஃபேன் வேகமா சுத்தும். உங்க வேலைக்குச் சல்லடைதான் சரி. பெரிய ஃபேனா மூணு போட்டு மெதுவா ஓட விடுங்க."

"ஓட்டை வழியா சத்தம் வராதா?"

"வரும். ஆனா ஒரே சீரா வரும்."

எல்லாம் கேட்டுக்கொண்டேன். பஞ்சு வைத்ததை வாங்கி வந்தேன்.

மார்ச் 9
இவர் கேட்டார்: "ஆஸ்பத்திரி பக்கத்துல லேடீஸ் ஹாஸ்டல் இருக்காம். அக்காகிட்ட சொல்லட்டுமா? உனக்கும் வேலை நடக்கணும்ல."

"முதல்ல கம்ப்யூட்டர் முடியட்டும்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? பெருந்தன்மை இல்லை. சத்தமில்லாத கேபினெட் வரைக்கும் வாங்கிப் பார்த்தேன் என்றால், பிறகு அனுப்பினாலும் என்மேல் பழி வராது. எழுதிப் பார்த்தால் அசிங்கமாக இருக்கிறது. இருக்கட்டும்.

மார்ச் 14
மாட்டி முடித்தேன். சும்மா இருக்கும்போது 29. காதை வைத்தால்தான் கேட்கிறது.

மார்ச் 17
மதியம் ஒரு மணிக்குள் எட்டுப் படம் அனுப்ப வேண்டும். பதினொன்றரைக்கு, ஆறாவது படத்தில், ஃபேன் சத்தம் ஏறி ஏறி விசிலடித்தது. சூடு தொண்ணூற்றெட்டு டிகிரி செல்சியஸ். பொட்டென்று அணைந்தது. போச்சு. காலைலேர்ந்து செஞ்சதுல பாதிய சேவ்கூட பண்ணல — அந்தக் கடை மனுஷன் தலபாடா அடிச்சுக்கிட்டாரு, கேட்டேனா நான்?

அக்கா எழுந்து உட்கார்ந்திருந்தார்.

"சாரிக்கா, சத்தம் —"

"சத்தத்துக்கு எழல. நின்னுச்சே, அதுக்குத்தான் முழிப்பு வந்துச்சு. வார்டுல மெஷின் நின்னா ஓடணும். பழகிடுச்சு."

"அப்ப தலையணை?"

"வெளிச்சத்துக்கு. ஜன்னலுக்கு ஒரு துணி போட்டா போதும். உன் ரூம்ல போய் எப்படிக் கேக்கறதுன்னு இருந்துட்டேன்."

கேபினெட்டின் பக்கக் கதவைக் கழற்றினோம். அக்கா புறங்கையை வைத்துப் பார்த்து, "நல்ல காய்ச்சல்" என்றார். மேசை ஃபேனைத் தூக்கி வந்து உள்ளே காற்று அடிக்கும்படி வைத்தார். கழற்றிய திருகுகளைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்:

"நான் இங்க இருக்கறது உனக்கு இடைஞ்சலா?"

"ஆமாக்கா. கொஞ்சம்."

"ம். மத்தவங்க எல்லாரும் இல்லவே இல்லைன்னாங்க."

திருகுகளை மேசையில் வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டார். உடனே தூங்கியும் விட்டார். படங்கள் மூன்று மணிக்குத்தான் போயின. அலமாரிக்காரரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

மார்ச் 19
சோடாபுட்டி கேபினெட்டை மாற்றிக் கொடுத்தார். 'அன்னிக்கே சொன்னேனே' என்று வாயால் சொல்லவில்லை. முகம் சொன்னது. இப்போது சல்லடை, மூன்று பெரிய ஃபேன். எந்நேரமும் 34. ஏறுவதில்லை, இறங்குவதில்லை.

மார்ச் 22, ஞாயிறு
ஜன்னலுக்குக் கனத்த திரை. அளக்கும் டேப்பின் மறுமுனையை அக்கா பிடித்துக்கொண்டார். மாட்டும்போது தன் கணவரைப் பற்றி இரண்டே இரண்டு வாக்கியம் சொன்னார். அதை இங்கே எழுதமாட்டேன்.

மார்ச் 27
இவர் மறுபடி ஹாஸ்டல் பேச்சை எடுத்தார். பிறகு பார்க்கலாம் என்றேன். என்ன பார்க்கப்போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

ஏப்ரல் 2
வீட்டு வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் படிவம் வந்தது. 'வசிப்பவர்கள்' என்ற இடத்தில் மூன்று என்று எழுதினேன். கையெழுத்துப் போட வந்த இவர், அந்த எண்ணின்மேல் விரலை வைத்து என்னைப் பார்த்தார்.

"சீக்கிரம் போடுங்க, எனக்கு வேலை இருக்கு" என்றேன்.