நிறம் பார்ப்பவள்

வைகாசி 4, திங்கள்

காலையிலேயே வெயில். கரண்ட் இல்லை. உலைக்குக் காற்று விசிறியைக் கையால் சுற்றிச் சுற்றித் தோள்பட்டை போச்சு. கருட சேவைக் கூட்டம் வடிந்ததும் இளநீர்க்காரர்கள் எல்லாம் மழுங்கின கத்தியோடு வாசலில்.

செய்ய வேண்டியது:
– கறிக்கடை பாய்க்கு வெட்டுக்கத்தி, ஒரு ஜோடி
– மண்டபத்துக்கு இலை அறுக்கிற கத்தி
– கரி சொல்ல வேண்டும். போன மூட்டை பாதி தூள்.
– இவருக்குக் கண் சொட்டு மருந்து (பெயருக்கு. புரைக்குச் சொட்டு மருந்து என்ன செய்யும்)

மத்தியானம் கொழுந்தன் முரளி. இனி மு. முழுப் பெயர் எழுத மை வீண். செல்போன் கடை வைத்திருக்கிறான். பட்டறைக்கு வந்தால் சட்டையில் கரி படும் என்று வாசலோடு போய்விடுவான். இன்று உள்ளேயே வந்துவிட்டான். டிவியில் கத்தி அடிக்கிற போட்டியாம். ஜோடியாகப் போக வேண்டுமாம்: ஒருவர் கொல்லர், ஒருவர் சம்மட்டி. எங்கள் பட்டறையை வீடியோ எடுத்து அனுப்பியிருக்கிறான், அவர்களுக்குப் பிடித்துவிட்டது, வெள்ளிக்கிழமை நேரில் பார்க்க வருகிறார்கள்.

வீடியோவைக் காட்டினான். இவர் இருக்கிறார், உலை இருக்கிறது. சம்மட்டி மட்டும் மேலேயிருந்து தானாக விழுகிறது. என் கையும் முகமும் வராதபடி வெட்டியிருக்கிறான். ஒரே ஒரு இடத்தில் வளையல் தப்பித்து வந்துவிட்டது.

இவர் கேட்டார்: "ஜோடி யாருடா?"

"நான்தாண்ணா. அண்ணன் தம்பின்னா கேக்கவே நல்லா இருக்குதுல்ல."

மு. இதுவரை சம்மட்டியைத் தூக்கிப் பார்த்ததுகூட இல்லை. கல்யாணமாகி வந்ததிலிருந்து அது என் கையில்தான். இவர் சின்னச் சுத்தியால் எங்கே தட்டுகிறாரோ அங்கே நான் போடுவேன், பட்டடைக் கல்லில் தட்டினால் நிறுத்துவேன். "அவளும் வரட்டும்" என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று இருந்தேன். அரத்தை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்துவிட்டார்.

வைகாசி 5, செவ்வாய்

புழுக்கம். குழம்பு தீய்ந்தது. தெரிந்தேதான் விட்டேன்.

நானே வாய்விட்டுக் கேட்டேன், "நான் வந்தா இன்னாங்க?"

தீய்ந்ததைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "பொம்பள சம்மட்டி அடிக்கிறத ஊரே பாத்தா, பொண்டாட்டிய வேலை வாங்கித் துன்றான்னு பேசுவாங்கமே."

வேலை வாங்கித்தானே தின்கிறார். அதைச் சொல்லவில்லை, இங்கே எழுதிக்கொள்கிறேன்.

இவருக்குக் கண்ணில் புரை. எனக்கு மட்டும் தெரியும். மு.வுக்குக்கூடத் தெரியாது. எதிரில் நிற்பவரைக் குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறார். அடிப்பதற்குக் கண் அவ்வளவாக வேண்டாம், கை பார்த்துக்கொள்ளும். இவர் கை இன்னும் தங்கம்தான். கடைசியில் கத்தியைக் காய்ச்சித் தண்ணீரில் தோய்க்கிறோமே, அதில்தான் வம்பு. நிறம் பார்க்க வேண்டும். அரக்கு நிறத்தில் எடுத்துவிட்டால் வாய் மடங்கும். மாம்பழ மஞ்சளுக்குப் போய்விட்டால் கண்ணாடி மாதிரி உடையும். நடுவில் மிளகாய்ப்பழச் சிவப்பு, வந்ததும் போய்விடும். இவருக்கு எல்லாம் ஒரே மங்கல். அதனால் நான் தொண்டையைக் கனைப்பேன், இவர் எடுத்துத் தோய்ப்பார். இதைப் பற்றி நாங்கள் பேசினதே இல்லை. வாடிக்கைக்காரர்களுக்கு நான் சளி பிடித்தவள். பாய்கூட ஒருமுறை துளசி கொண்டுவந்து கொடுத்தார்.

எங்கப்பா பட்டுக்குச் சாயம் போட்டவர். நிறத்தில் என்னை ஏமாற்ற முடியாது. மாமியார் கடைசிவரை என்னைச் "சாயக்காரி" என்றுதான் கூப்பிட்டார். அந்தச் சாயக்காரி கண்ணில்தான் அவர் பிள்ளையின் பட்டறை ஓடுகிறது.

ஆபரேஷனுக்கு எத்தனை கெஞ்சல். இலவச முகாம் வரும், போகும். "கண்ணைக் கட்டிக்கினு உக்காந்தா, கொல்லனுக்குக் கண்ணு போச்சுன்னு வேற பட்டறைக்குப் போயிடுவானுங்க." இதே பதில். கெஞ்சுவதை விட்டுவிட்டேன்.

வைகாசி 7, வியாழன்

காற்று, ஒரே புழுதி. காயப்போட்ட துணியெல்லாம் மறுபடி துவைக்க வேண்டும்.

மு. அண்ணனுக்குப் புதுச் சட்டை வாங்கி வந்தான், தனக்கும் அதே நிறத்தில். அப்புறம் சம்மட்டி பழகினான். இரும்பை விட்டுவிட்டுக் கல்லில் போட்டான். உள்ளங்கை தோல் வழண்டது. நான் சிரித்தேன், மறைக்கவில்லை.

"அண்ணி, எப்டி புடிக்கிறதுன்னு கொஞ்சம் சொல்லுங்களேன்."

சொன்னேன். தப்பாகச் சொன்னேன். நாளைக்கு முழங்கை பேசும்.

சாயங்காலம் இவர் சமையற்கட்டுக்கு வந்தார். வருகிறவர் இல்லை. கதவைப் பிடித்துக்கொண்டு மெதுவாக, "நாளைக்கு வாசப்படிகிட்ட நின்னுக்கோ. டீ குடுக்க வந்தவ மாதிரி. எப்பவும் போலக் கனைச்சிடு."

முதல்முறையாக வாயால் சொல்கிறார். 'உன் கண்ணாலதான் நான் பிழைக்கிறேன்' என்று என்றைக்காவது சொல்வார் என்று காத்திருந்தவள் நான். வந்தது இப்படி: டீத் தட்டோடு ஒளிந்து நில்.

"ஆவட்டும்" என்றேன். மனசில் நல்ல எண்ணம் இல்லை. இல்லவே இல்லை.

வைகாசி 8, வெள்ளி

வெயில் கொளுத்தியது. பால் அரை லிட்டர் கூடுதலாக வாங்கினேன்.

வந்தது ஒரு பெண்ணும் ஒரு கேமராக்காரரும். பெண் சின்னவள், முடியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு எல்லோரையும் சார், மேடம் என்கிறாள். அண்ணனும் தம்பியும் ஒரே நிறச் சட்டையில், நாதஸ்வரக் கோஷ்டி மாதிரி. பழைய லாரி ஸ்பிரிங் பட்டையில் ஒரு கத்தி அடித்துக் காட்டச் சொன்னாள். மு. சம்மட்டியில் நாலு போட்டால் ரெண்டு பக்கவாட்டில். இவர் எப்படியோ கத்தியை உருவத்துக்குக் கொண்டுவந்துவிட்டார். கை, சொன்னேனே.

பிறகு தோய்ச்சல். நான் வாசற்படியில், தட்டோடு. இவர் கத்தியை உலையில் வைத்துக்கொண்டு காதை என் பக்கம் சாய்த்து நின்றார். அரக்கு வந்தது. மிளகாய்ப்பழம் வந்தது. நான் டம்ளர்களை நேராக அடுக்கினேன். மாம்பழம் வந்தது, நன்றாகப் பழுத்த மாம்பழம்.

கனைத்தேன். தோய்த்தார்.

எங்கள் பட்டறையில் கத்தி கைமாறும் முன் கல்லில் ஆணியை வைத்து ஒரே வெட்டு வெட்டிக் காட்ட வேண்டும். மாமனார் வைத்த வழக்கம். இவர் சாணை பிடித்துக் கேமராவுக்கு எதிரே நிமிர்ந்து நின்று வெட்டினார். ஆணி அப்படியே கிடந்தது. கத்தி இரண்டாகி, முனை பறந்து தகரத்தில் மோதியது. மு. கரி மூட்டைக்குப் பின்னால்.

இவர் உடனே சொன்னார்: "பட்டை சரியில்லைம்மா. காலையில இவதான் எடுத்துக் குடுத்தா."

கத்தி உடைந்ததோடு நிறுத்திக்கொள்ளத்தான் இருந்தேன். சத்தியமாக.

"பட்டை நல்ல பட்டைதாம்மா" என்றேன் அந்தப் பெண்ணிடம். "இவருக்குத்தான் கண்ணு தெரியாது. நான் எத்தினி விரல் காட்டறேன்னு கேளு."

வெயிலுக்கு முதுகைக் காட்டி நின்று கையை நீட்டினேன். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் கழுத்தை நீட்டி, தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தார். 'வேணாம்மே' என்று உதடு அசைந்தது. கையை இறக்கியிருக்கலாம்.

"மூணு" என்றார்.

கையை மூடி வைத்திருந்தேன்.

முதலில் சிரித்தவன் மு. அப்புறம் அவனுக்கே புரிந்து நிறுத்திக்கொண்டான். கேமரா ஓடிக்கொண்டே இருந்தது.

"மேடம், அப்ப நீங்க ஒண்ணு பண்ணிக் காட்டுங்களேன்" என்றாள் அந்தப் பெண். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சின்னதாக ஒரு கத்தி அடித்தேன். மு. சம்மட்டி. பிடியைச் சரியாகச் சொல்லிக்கொடுத்தேன். மிளகாய்ப்பழத்தில் எடுத்தேன். ஆணி துண்டானது. இவர் கரி மூட்டைமேல் உட்கார்ந்திருந்தார், புதுச் சட்டை முதுகெல்லாம் கரி.

அதற்கப்புறம் இவர் சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டேன், இரண்டாம் முறை ரசமும் ஊற்றிக்கொண்டு.

வைகாசி 9, சனி

பட்டறை விஷயம் ஒரே ராத்திரியில் ஊரைச் சுற்றிவிட்டது. மு.வின் கடைக்கு வாய் அதிகம்.

பாய் வந்தார். இவர் உட்கார்ந்திருக்கும்போதே என்னிடம், "அம்மா, அந்த ரெண்டு கத்தியையும் நீங்களே தோய்ச்சிடுங்க. பேஜாரா நெனைக்காதீங்க அண்ணே, தொழில் பாருங்க."

"அதுக்கென்ன பாய்" என்றார் இவர். எழுந்து போய்ப் பின்பக்கம் நின்றார்.

பாய் போன பிறகு கேட்டார், "வேணும்னே லேட் பண்ணியா?"

"ஆமா."

தலையை ஆட்டினார். கத்துவார், ஏதாவது விட்டெறிவார் என்று நினைத்தேன். அதற்கு நான் தயாராக இருந்தேன், பதில்கூட வைத்திருந்தேன். பாவமாக இருந்தது. அதைவிடச் சந்தோஷமாக இருந்தது. இரண்டையும் எழுதி வைக்கிறேன்.

வைகாசி 12, செவ்வாய்

மேகமூட்டம். கரி வந்தது, இதுவும் தூள்தான். திருப்பி அனுப்பினேன்.

அந்தப் பெண் போன் செய்தாள். எங்களைத் தேர்ந்தெடுத்துவிட்டார்களாம். அடுத்த வாரம் வெள்ளி ஷூட்டிங்.

"ஆனா மேடம், தம்பி வேணாம். நீங்களும் சாரும் வாங்க. சாருக்கு நீங்கதான் கண்ணு. அந்த ஸ்டோரி செமையா இருக்கும்."

இவர் அடுத்த அறையில் அரம் தேய்த்துக்கொண்டிருந்தார். போன் ஸ்பீக்கரில். அரச் சத்தம் நின்றது.

இதைத்தானே கேட்டேன். போன வாரம் திங்கட்கிழமை யாராவது இதைச் சொல்லியிருந்தால் அழுதிருப்பேன்.

"அவரு வரமாட்டாரும்மா" என்றேன். "நானும் கொழுந்தனும்தான் வருவோம். நான் கத்தி, அவன் சம்மட்டி. இஷ்டம்னா சொல்லு."

கொஞ்சம் யோசித்து, சரி என்றாள். பட்டுப்புடவை கட்டி வரச் சொன்னாள், காஞ்சிபுரமாச்சே. உலைக்கு முன்னால் பட்டு, நல்ல கூத்து. பட்டு நெய்கிற பிள்ளையார்பாளையத்தில் பிறந்து வளர்ந்து என்னிடம் இருப்பது கல்யாணப் பட்டு ஒன்று. அதுவும் மடிப்பில் கிழிசல்.

மு. விஷயம் கேட்டுப் பல்லைக் காட்டினான். "நான் அப்பவே சொன்னேன்ல, அண்ணிக்குத்தான் கை வாகுன்னு." எப்போது சொன்னான்?

அடுத்த அறையில் அரச் சத்தம் மறுபடி கேட்கவில்லை.

வைகாசி 15, வெள்ளி

தூறல். மண்டபத்துக் கத்தி கொடுத்தாயிற்று.

காலையில் இவரைக் காணோம். பட்டறையிலும் இல்லை, டீக்கடையிலும் இல்லை. மத்தியானம் நனைந்து வந்தார், கால் கட்டை விரலில் ரத்தம், எங்கேயோ தடுக்கியிருக்கிறார். பஸ் ஸ்டாண்டு பக்கம் கண் முகாமாம். தனியாகவே போய்ச் சேர்ந்திருக்கிறார். பஸ்ஸிலும் தெருவிலும் யாரையெல்லாம் கேட்டுக்கொண்டு போனாரோ.

"ஆபரேஷனுக்கு எழுதிக் குடுத்துட்டேன்" என்றார். "வர வெள்ளிக்கிழமை. இதுக்கு மேல தள்ளினா கஷ்டம்னாங்க. கூட ஒரு ஆளு இருக்கணுமாம். வூட்டு ஆளா இருந்தா நல்லதாம்."

நான் அடுப்பை விட்டுத் தண்ணீர்க் குடத்தடிக்கு நகர்ந்தேன்.

"நீ வரியா?"

இந்தக் குரலில் இவர் என்னை எதுவுமே கேட்டதில்லை. கல்யாணத்துக்கு முன்னால்கூட. நான் குடத்தடியில் நின்றிருந்தேன். அவர் அடுப்பைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"வெள்ளிக்கிழமை ஷூட்டிங்" என்றேன்.

குரல் வந்த பக்கம் திரும்பினார். "ஆமால்ல" என்றார். சுவரைத் தடவிக்கொண்டு பட்டறைக்குப் போனார்.

நாளைக்கு:
– எதிர்வீட்டுத் தறிக்காரரிடம் சொல்ல வேண்டும், இவரோடு ஆஸ்பத்திரியில் இருக்க
– மு. வண்டி பேசிவிட்டானா, கேட்க
– கரி, தூள் இல்லாமல்
– இரவல் பட்டுப்புடவை. பச்சையா, நீலமா. கேமராவுக்குப் பச்சை எடுக்கும் என்று நினைக்கிறேன்.