வரிசை பிசகாத வெங்காயம்

லூயிஸ், இங்கிலாந்து
18 மார்ச் 1974

என் அன்பு வின்னிக்கு,

இடது முழங்கால் ஒன்றைத் தவிர எல்லாம் நலம். உன் இருமல் எப்படி? அந்த ஆவண அறைப் புழுதியை விட்டு வெளியே வா என்றால் கேட்கிறாயா!

நேற்று நம் உளவுத்துறைத் தலைவர் வீட்டுக்கே வந்துவிட்டார். பிராகில் நமக்காக வேலை பார்த்த மிலானைப் போன வருடம் பிடித்தார்களே, அவனைக் காட்டிக்கொடுத்தவன் நம் அலுவலகத்துக்குள்தான் இருக்கிறானாம். "நீ ரிட்டையர் ஆனவன், ஹம்ஃப்ரி. உன்னை யாரும் கண்டுக்க மாட்டாங்க. நீயே தேடு" என்கிறார். மிலான் பெயர் தெரிந்தவர்கள் மூன்றே பேர்: நான், நீ, அடுத்தவர் மேசைப் பென்சிலைக்கூட நேராக அடுக்கிவைக்கும் நம் செட்ரிக்.

உனக்கு மட்டும் சொல்கிறேன். என் பழைய குறிப்பேட்டில் துரோகி யாரென்று தடயம் இருக்கிறது. பிஸ்கட் டப்பாவில் போட்டு ருபார்ப் செடிக்கடியில் புதைத்துவிட்டேன். படித்ததும் இதை எரித்துவிடு.

உன் ஹம்ஃப்ரி

லண்டன்
25 மார்ச் 1974

அன்புள்ள ஹம்ஃப்ரி,

இருமல் சௌக்கியமாக இருக்கிறது, நான்தான் இளைத்துவிட்டேன். முப்பது வருடம் காகிதம் அடுக்கியவளிடம் போய் எரிக்கச் சொல்கிறாயே, நியாயமா? உன் கடிதங்கள் எல்லாம் தேதிவாரியாகக் கோப்பில் இருக்கின்றன.

செட்ரிக் மாறவே இல்லை. "வின்னி, உன் அலமாரியைப் பாத்தா எனக்குத் தூக்கமே வரல" என்றான். "அப்போ பாக்காதே" என்றேன்.

ஒரு ரகசியம், உன்னோடு இருக்கட்டும். மிலானின் மனைவி ஹனா ஆறாம் தேதி வியன்னா ரயிலில் தப்பி வருகிறாள். பிடிபட்டால் அவளும் சிறைதான். தேவாலயத்தில் மணியடிக்கும்போது ஒரு இழுப்பு அவளுக்காக இழு.

வின்னி

லூயிஸ்
8 ஏப்ரல் 1974

வின்னி,

நேற்று மணியடித்துவிட்டு வந்து பார்த்தால், ருபார்ப் பாத்தியைக் காட்டுப்பன்றி கிளறியது போலக் கிளறிப் போட்டிருக்கிறது. டப்பா ஒரு பக்கம், மூடி ஒரு பக்கம்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். குறிப்பேடே கிடையாது. உனக்கு ருபார்ப் பாத்தி என்றேன், செட்ரிக்கிடம் வெங்காயப் பாத்தி என்றேன். துரோகி எவரோ அவர் தோண்ட வருவார் என்று நினைத்தேன். வெங்காயத்தில் ஒரு தாள்கூட அசையவில்லை.

வெள்ளிக்கிழமை தலைவரிடம் சொல்லியாக வேண்டும். என் மனைவி போனபோது பதினோரு நாள் இங்கேயே இருந்து எனக்குச் சமைத்துப் போட்டவள் நீ. நீ இல்லை என்று ஒரு வரி எழுது. கெஞ்சிக் கேட்கிறேன்.

ஹம்ஃப்ரி

லண்டன்
9 ஏப்ரல் 1974

அட பாவி மனுஷா!

தோண்டியது நான்தான். வேறொரு விஷயம் நேரில் சொல்லலாமென்று ரயிலேறி வந்தேன். நீ மணியடிக்கப் போயிருந்தாய். மண்வெட்டி சுவரில் சாய்ந்திருந்தது, கை சும்மா இருக்கவில்லை. டப்பாவைத் திறந்தால் உன் கையெழுத்தில் ஒரு சீட்டு: "வின்னி, நீயாக இருக்கக் கூடாது." ஆத்திரத்தில் உன் பாத்தியை நாலு உதை உதைத்துவிட்டு, அழுதுகொண்டே ரயிலேறினேன். அந்தச் சீட்டும் கோப்பில் இருக்கிறது.

மூளை இருந்தால் யோசி. உன் வெங்காயம் எப்போதிலிருந்து சிப்பாய்கள் மாதிரி நேர்வரிசையில் நிற்கிறது? நீ நட்டது எதுவும் ஜென்மத்தில் நேராக நின்றதில்லை. போய்த் தோண்டிப் பார்.

வினிஃப்ரெட் ஆஸ்க்யூ
(இனி உனக்கு வின்னி கிடையாது)

லூயிஸ்
16 ஏப்ரல் 1974

மதிப்புக்குரிய ஆஸ்க்யூ அம்மையாருக்கு,

தோண்டினேன். மூடியின் இடுக்கில் நான் செருகியிருந்த புகையிலைத் துணுக்கைக் காணோம். அதுகூடப் பரவாயில்லை, டப்பாவை மண் போகத் துடைத்துத் திரும்பப் புதைத்திருக்கிறான்! வந்த சுவடு தெரியக் கூடாது என்றுதான் பயிற்சியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். இவன் வெங்காயத்தை நேராக நட்டுத் தண்ணீரும் ஊற்றிவிட்டுப் போயிருக்கிறான்.

தலைவரிடம் சொன்னேன், செட்ரிக்கைப் பிடித்துவிட்டார்கள். விசாரணையில் அவன் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "எதையும் கலைக்காமத்தானே வெச்சேன்?"

"அதான்டா தப்பு" என்றேன்.

அவன் வீட்டில் பத்து கிறிஸ்துமஸ் விருந்து சாப்பிட்டிருக்கிறேன். நெஞ்சு வலிக்கிறது. உன்னைச் சந்தேகப்பட்டதை நினைத்தால் அதைவிட வலிக்கிறது. மன்னிப்பாயா? நீ உதைத்த ருபார்ப் பிழைத்துக்கொண்டது.

வெட்கத்துடன்,
ஹம்ஃப்ரி

லண்டன்
19 ஏப்ரல் 1974

மண்டு ஹம்ஃப்ரி,

உன் வீட்டுக்கு வந்துபோன மறுநாளே தலைவர் என்னையும் கூப்பிட்டார். "ஹம்ஃப்ரி மேல ஒரு கண்ணு வைம்மா" என்றார். ஹனா ஆறாம் தேதி வருகிறாள் என்று உனக்கு மட்டும் எழுதினேனே, அது பொய். அதற்கு முன்பே அவள் பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டாள். ஆறாம் தேதி அந்த ரயிலில் அவளை யாராவது தேடுகிறார்களா என்று பார்க்க நம் ஆள் ஒருவரை உட்கார வைத்தேன். ஒரு ஈ காக்காய்கூடத் தேடவில்லை. ரயில் சரியான நேரத்துக்கு வந்ததாம். அலுவலகக் கழிப்பறையில் நின்று, நீ இல்லை, நீ இல்லை என்று சந்தோஷத்தில் அழுதேன்.

அதைச் சொல்லி உன்னிடம் மன்னிப்புக் கேட்கத்தான் மறுநாள் ஓடி வந்தேன். வந்த இடத்தில்தான் அந்தச் சீட்டு.

நாளை மாலை ரயிலில் வருகிறேன். மாவும் வெண்ணெயும் என் பொறுப்பு, நீ ருபார்ப் தண்டைப் பறித்துவை, கேக் சுடலாம். இனி ஒருவரைப் பற்றி ஒருவருக்கு ஏதாவது தெரிய வேண்டுமென்றால் வாயைத் திறந்து கேட்டுக்கொள்வோம்.

இந்தக் கடிதத்தை மட்டும் எரித்துவிடு. என் கோப்பில் இதற்கு நகல் இல்லை.

உன் வின்னி