நீ நிரப்பிய கடைசிப் பெட்டி

என் உயிருக்கு உயிரான மாமா பஷீருக்கு,

சண்டை போட்டுவிட்டுப் பேசாமல் இருந்த மூன்று மாதத்தையும், நீ போன பிறகு ஓடிய ஆறு மாதத்தையும் கூட்டினால், உன்னிடம் பேசி முக்கால் வருடம் ஆகிறது. ஒரு நாள் உன் குரல் கேட்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது என்று ஊருக்கே தெரியும். இப்போது இறங்குகிறது மாமா. அதை நினைத்தால்தான் வெட்கமாக இருக்கிறது.

முதலில் ஊர்ச் செய்தி. உன் ஹார்டுவேர் கடையில் இப்போது உன் மகள் ஷபானா உட்காருகிறாள். ஆணி கேட்டால், "இன்னாத்துக்கு அங்கிள், மரத்துக்கா செவுத்துக்கா?" என்று உன்னைப் போலவே குறுக்கு விசாரணை செய்கிறாள். கச்சிராயபாளையம் சாலையில் புதிதாக இரண்டு டீக்கடை வந்திருக்கிறது. சர்க்கரை கம்மி என்று சொன்னால் இரண்டிலும் ஒரு ஸ்பூன் கூடப் போடுகிறார்கள். நம் துப்பாக்கி சுடும் சங்கத்துக்குப் பின்னால் கல்வராயன் மலை மழையில் நனைந்து நிற்கிறது. அலமாரிக்குள் ஈரம் ஏறும் என்று நீ தோட்டாக்களைக் கற்பூரப் பெட்டி மாதிரி பொத்திப் பொத்தி வைப்பாயே, அந்த மழைதான்.

போன வாரம் சங்கச் செயலாளர் கூப்பிட்டார். "பாய் நெரப்புன தோட்டா ஒரு பொட்டி அலமாரியில கெடக்குது. லைசென்ஸ் கணக்குல வேற நிக்குது. அத யாரும் சுட மாட்டாங்க. நீயே பிரிச்சிப் போட்டுடுப்பா" என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஒருவர் கையால் நிரப்பிய தோட்டாவை இன்னொருவர் சுடக் கூடாது என்பது நீயே போட்ட சட்டம். ஒன்பது வருடமாக அதற்கு நான் ஒருவன் மட்டும் விலக்கு. ஆனால் அவர் சொன்னது அந்தச் சட்டத்தை இல்லை. என் வாயால் உனக்கு வந்த கெட்ட பேரை.

அந்தத் தை மாதப் போட்டியை நினைக்காத நாளே கிடையாது. மாநில அணிக்கு ஆள் எடுக்கிறார்கள், கடைசிச் சுற்று, ஐந்தில் மூன்றாவது தோட்டா. வெடிக்க வேண்டியது 'புஸ்' என்றது. தோட்டாவின் அடியில் இருக்கும் கேப் மட்டும் பொரிந்து, ஈயக்குண்டு பாதிக் குழலில் சிக்கிக்கொண்டது. தெரியாமல் அடுத்ததைச் சுட்டிருந்தால் குழல் பிளந்து விரல் போயிருக்கும். தோட்டாவுக்குள் மருந்தே இல்லை.

அத்தனை பேர் முன்னால் நான் கத்தினேன். "மருந்து போடக்கூடத் தெரியாதவன் எதுக்குய்யா தோட்டா நெரப்புற? என் கை போயிருந்தா நீ குடுப்பியா?" நீ துப்பாக்கியை வாங்கிக் குழலைப் பார்த்தாய். "நா பார்த்திருக்கணும் மாப்ள" என்றாய். தப்பை ஒத்துக்கொண்டாய் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். நானும்தான். அதன்பின் சங்கத்தில் எவனும் உன் யோசனையைக்கூடக் கேட்கவில்லை. நீயும் தோட்டா நிரப்பும் பிரஸ்ஸுக்கு உறை போட்டு மூடிவிட்டாய். பெருநாளைக்கு வழக்கம்போல் பிரியாணி அனுப்பினாய். தின்றுவிட்டு, கேரியரைக் கழுவிக் கொடுத்தனுப்பினேன். நன்றாக இருந்தது என்று ஒரு வார்த்தை சொல்லி அனுப்ப எனக்கு வாய் வரவில்லை. சித்திரையில் உன் நெஞ்சு நின்றுவிட்டது.

நேற்று காலை அந்தப் பெட்டியைத் திறந்தேன். தை மாதப் போட்டிக்கு நிரப்பிய அதே பெட்டி. சுட்டது போக முப்பத்தெட்டு இருந்தது. சுத்தியல் மாதிரி இருக்கும் அந்தக் கருவியில் ஒவ்வொன்றாக மாட்டித் தரையில் தட்டினேன். குண்டு கழன்றதும் மருந்தைத் தராசில் கொட்டிப் பார்த்தேன். எத்தனை பிரித்தாலும் முள் அதே இடத்தில்தான் நின்றது. இன்னும் ஒன்றிலாவது தப்பு இருக்காதா என்று மனசு தேடியது மாமா. இருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

காலிக் கூடுகளை உன் ஐம்பது குழிப் பலகையில் வைத்துக்கொண்டு வந்தேன். உன் பழக்கம் தெரிந்ததுதானே? மருந்து போடாத கூடு வாய் கீழே கவிழ்ந்திருக்கும், போட்டது நிமிர்ந்து நிற்கும். அப்போது ஒரு கூடு கை தவறி மேசைக்கு அடியில் உருண்டது. குனிந்து எடுத்து, தூசி ஊதி, ஒரு குழியில் நிமிர்த்தி வைத்தேன்.

வைத்த கையை எடுக்க முடியவில்லை. தை மாதப் போட்டிக்குத் தோட்டா நிரப்பிய அன்றைக்கும் இதையே செய்தேன்.

நீ டீ வாங்க வெளியே போயிருந்தாய். என் முழங்கை பட்டு ஒரு காலிக் கூடு விழுந்தது. எடுத்து, மருந்து போட்டவற்றுக்கு நடுவில் நிமிர்த்தி வைத்தவன் நான். எப்போதும் டார்ச் அடித்து ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் பார்ப்பாய். "போதும் மாமா, நேரமாவுது, குண்ட வெச்சி மூடு" என்று அவசரப்படுத்தியவனும் நான்.

பிரித்தது பாதி, பிரிக்காதது பாதியாக அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு உன் வீட்டுக்கு ஓடினேன். உன் மனைவி நூர்ஜஹான் அரிசி புடைத்துக்கொண்டிருந்தது. சொல்லி அழுதேன். அது முறத்தைக் கீழே வைக்கவில்லை.

"தெரியும்ணே" என்றது. "அன்னிக்கே வந்து சொன்னாரு. 'டீயோட உள்ள வந்துகினே பார்த்தேன், அவன் எடுத்து வெச்சான், பேச்சுல மறந்துட்டேன்'னாரு. ஏன் ஒங்ககிட்ட சொல்லலன்னு நா சண்ட புடிச்சேன். 'என்ன நம்பலன்னா தோட்டாவ மாத்திக்கினு சுடுவான். அவன் கையவே அவன் நம்பலன்னா துப்பாக்கிய வெச்சிடுவான். நீ வாயத் தொறக்காத'ன்னுட்டாரு."

ஆடி மாதப் போட்டியில், கடையில் வாங்கிய தோட்டாவை வைத்துச் சுட்டு வெண்கலம் எடுத்தேன் மாமா. இந்தச் செய்தியை உன்னிடம் எப்படிச் சொல்வது என்று இத்தனை நாள் தயங்கினேன். இப்போது அந்தப் பதக்கத்தைப் பார்க்கவே முடியவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? நான் அவ்வளவு பேசியும் உனக்குக் கோபம் வரவில்லையா? கடைசி மூன்று மாதமும் கடை வாசலில் என் வண்டிச் சத்தம் கேட்கிறதா என்று பார்த்தாயா?

வருகிற ஞாயிற்றுக்கிழமை சங்கத்தில் போட்டி. அன்றைக்கு இருந்தவர்கள் எல்லோரும் வருவார்கள். நான் கத்திய அதே கோட்டில் நின்று, கூட்டை எடுத்து வைத்தது என் கை, பஷீர் நிரப்பியதில் ஒரு குறையும் இல்லை என்று அதே சத்தத்தில் சொல்வேன். ஷபானாவையும் நூர்ஜஹானையும் வரச் சொல்லியிருக்கிறேன்.

நீ பயந்தது சரிதான். நேற்றிலிருந்து என் கை நடுங்குகிறது. ஆனாலும் துப்பாக்கியைக் கீழே வைக்க மாட்டேன். உன் பேரைக் கொடுத்து நீ காப்பாற்றிய கை இது. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு, நடுங்குகிற கையோடேயே சுடுவேன். எத்தனை குண்டு குறிக்கு வெளியே போனாலும் சுடுவேன்.

கீழே விழுந்ததை எடுத்து வைத்த
உன் மாப்ள,
முருகேசன்