ரெண்டு கிலோமீட்டர் கிட்டத்துல

மாரியம்மன் துணை
கிள்ளான்

அன்பு மகன் விமலனுக்கு சித்தி எழுதுறது. நல்லா இருக்கேன்னு எழுதினா அம்மனுக்கே பொறுக்காது, ஆனா வேளைக்குச் சாப்பிடுறேன். பெர்த்துல குளிர்னு சொன்னே, காதை மூடிக்கிட்டு வேலைக்குப் போ. போன்ல சித்தப்பா பேச்சு எடுத்தாலே ரெண்டு பேரும் போனை வச்சுடுறோம், அதான் எழுதுறேன். உன்னைத் தோள்ல தூக்கி வளர்த்த மனுஷனோட காரியத்துக்கு, பிளேன் கிடைக்காம நீ வர முடியாமப் போச்சு. அன்னிக்கு நீ கேட்டது ஒன்னே ஒன்னுதான், அஸ்தியை எந்த இடத்துல கரைச்சீங்க சித்தின்னு. போர்ட் கிள்ளான்ல படகு கட்டுற ஜெட்டியிலேருந்து நேரா மேற்கே ஏழு கிலோமீட்டர்னு சொன்னேன்ல, அது தப்புய்யா. போட் ஓட்டுன குரு அண்ணே மேற்கே நாலு போயி, அப்புறம் வடக்கே திரும்பி மூணு போனாரு. நான் ரெண்டையும் கூட்டி ஏழுன்னுட்டேன். மூணு வெள்ளிக்கிழமையா கொம்யூட்டர் ரயில் ஏறிப் போயி நேரா மேற்கே பார்த்தே சூடம் காட்டிட்டு வந்தேன்.

நேத்து பக்கத்து வீட்டு ரோசலின் டீச்சர்கிட்ட இதைச் சொன்னதும், காலண்டர் தாளைக் கிழிச்சுப் பின்னாடி படம் போட்டாங்க. அக்கா, போட் சுத்தி ஓடுனதுதான் ஏழு, உங்க வீட்டு அண்ணே இருக்குறது ஏழுல இல்லலா, குறுக்கால கோடு போட்டுப் பாருங்கன்னாங்க. நாலையும் நாலையும் பெருக்கி பதினாறு, மூணையும் மூணையும் பெருக்கி ஒம்பது, சேர்த்தா இருபத்தஞ்சு. எதை அதாலேயே பெருக்குனா இருபத்தஞ்சு வருமோ அதுதான் தூரமாம், அஞ்சு. திசைக்கு மூணை நாலால வகுத்து கால்குலேட்டர்ல என்னமோ அமுக்கினாங்க, முப்பத்தேழு டிகிரி கிட்ட வந்துச்சு. மேற்கே பார்த்து நின்னுட்டு வடக்குப் பக்கம் அவ்வளவு திரும்பணுமாம். எஸ்டேட் ஸ்கூல்ல ஆறாவதோட நின்னவளுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்னேன். லோரி ஓட்டுன மனுஷன் கூட முப்பது வருஷம் இருந்துட்டு குறுக்கு வழி தெரியலையான்னு கேட்டாங்க. சிரிச்சுட்டேன்யா, அப்புறம் உள்ள போயி அழுதேன். ஏழுல இருக்காருன்னு நினைச்சவரு ரெண்டு கிலோமீட்டர் கிட்ட வந்துட்டாரே.

இன்னிக்குச் சாயங்காலம் அந்தத் தாளைக் கையிலே வச்சுக்கிட்டு ஜெட்டியிலே திரும்பி நின்னேன். வெறும் தண்ணிதான். ஆனா மூணு வாரமா அவரு என் வலது தோளுப் பக்கம் நின்னிருக்காரு, நான்தான் வேற எங்கேயோ பார்த்துப் பேசிக்கிட்டு இருந்திருக்கேன்.

வியாழக்கிழமை முப்பதாம் நாளு, மறந்துடாதே. சாமி கும்பிட்டு விளக்கு ஏத்து. அம்மன் உன்னை ஒரு குறையும் இல்லாம வச்சிருப்பா. உன் ஊர்லேருந்து அந்த இடம் எந்தப் பக்கம்னு மட்டும் பார்த்து, அந்தப் பக்கம் திரும்பி நில்லு. எவ்வளவு தூரம்னு கணக்குப் போடாதே சாமி.

உன் சித்தி
சீதாலெட்சுமி