காதில் சொன்ன பதில்கள்

பார்சலைப் பிரித்ததும் அச்சு மையின் வாடை குப்பென்று முகத்தில் அடித்தது. நம் கல்லூரியின் பழைய மாணவர்கள் சேர்ந்து கொண்டுவந்த மலர். வழுவழுப்பான தாள், கெட்டி அட்டை. நடுப்பக்கத்தில், ‘நம் கல்லூரி கண்ட தலைசிறந்த வினாடி வினா வீரர்கள்’ என்று ஒரு பட்டியல். ஒன்று முதல் பத்து வரை வரிசை எண் போட்டிருந்தார்கள். முதலிடத்தில் என் பெயர், மீசை அரும்பிய என் பழைய படம். பத்துப் பெயர்களையும் விரல் வைத்து இரண்டு முறை படித்தேன். நீ இல்லை. பத்தாவதாகக்கூட இல்லை.

மேசையில் அதை வைத்திருக்கவே பிடிக்கவில்லை. நீ போய் எட்டு மாதம் ஆகிவிட்டது. இருந்திருந்தால் சிரித்திருப்பாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதனால் உனக்கு எழுதுகிறேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. நம் அணியில் மூன்று பேர். நாசரேத்துத் தலைமையாசிரியர் மகன் நான், காயல்பட்டினத்துச் சாகுல், மணப்பாட்டிலிருந்து வந்த நீ. உன் அப்பா சரக்குத் தோணியில் கொழும்புக்கும் கொச்சிக்கும் போய்வருவார். கப்பல்காரர்கள் படித்துப் போட்ட ஆங்கிலப் பத்திரிகைகளைக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து கொடுப்பார். நீ அவற்றை அட்டை முதல் அட்டை வரை தின்று தீர்ப்பாய். ஆனால் உனக்கு ஆங்கிலம் வாசிக்க வரும், பேச வராது. போட்டியிலோ அணித்தலைவன் மட்டும்தான் மைக்கில் பதில் சொல்லலாம். ஆகவே நீ என் இடப்பக்கம் உட்கார்ந்து காதில் சொல்வாய். நான் அதை மிஷன் பள்ளி உச்சரிப்பில் மைக்கில் சொல்வேன். கைதட்டல் எனக்கு விழும்.

பாளையங்கோட்டையில் நடந்த அந்தப் போட்டி நினைவிருக்கிறதா? கரையே இல்லாத கடல் எது என்று கேட்டார்கள். மூன்று அணிகள் முழித்துவிட்டுக் கேள்வியைத் தள்ளிவிட்டன. நம்மிடம் வந்தபோது எனக்கும் தெரியவில்லை. நீ என் சட்டையைப் பிடித்து இழுத்து, “சர்காசோ. சொல்லுல” என்றாய். சொன்னேன். அரங்கமே எழுந்தது. அந்த மூன்று அணிகளில் ஒன்றிலிருந்த கண்ணாடிக்காரன், அந்த வட்டாரத்திலேயே பெரிய கெட்டிக்காரன் என்று பெயர் எடுத்தவன், வந்து என் கையைக் குலுக்கினான். நான் உன் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அன்று திரும்பும் பேருந்தில்தான் அந்த வாக்குவாதம் தொடங்கியது. யார் சிறந்த ஆட்டக்காரன், அதை எப்படி அளப்பது? சரியான பதில்களிலிருந்து தவறானவற்றைக் கழிக்க வேண்டும், மிஞ்சுவதுதான் ஒருவனின் தகுதி என்றான் சாகுல். எந்தக் கேள்வியை எடுப்பது, எதை விடுவது என்று தீர்மானிப்பவனே பெரியவன் என்றேன் நான். அணித்தலைவன் வேறு எப்படிப் பேசுவான்? நீ ஜன்னல் கம்பியில் தாடையை வைத்துக்கொண்டு கேட்டாய். பிறகு சொன்னாய்: “மத்த டீமெல்லாம் முழிச்ச கேள்விக்கு எவன் பதில் சொல்லுதானோ அவன்தாம்ல ஆட்டக்காரன். மத்ததெல்லாம் பொது அறிவு புஸ்தகத்த மனப்பாடம் பண்ணுனவன்.”

“அப்படிப் பாத்தா கண்ணாடிக்காரன் எங்கன வருவான்?” என்றான் சாகுல்.

“அவன் மூணாவது. நீ ரெண்டாவது.”

“முதல்ல யாருல?”

நீ சிரித்தாய். அன்றிலிருந்து சாகுல் ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தான். எந்தப் பதிலை யார் கண்டுபிடித்தது, எத்தனை அணிகள் தள்ளிவிட்ட கேள்வி அது என்று எல்லாம்.

அந்த ஆண்டு பல்கலைக்கழக அணிக்கு ஒவ்வொரு கல்லூரியிலிருந்தும் ஒருவரை அனுப்பச் சொன்னார்கள். தேர்வானவர்கள் மெட்ராஸ் போய் ஆட வேண்டும். நீ மதுரையைத் தாண்டியதில்லை. மேடையில் செருப்புப் போடக் கூடாது, ஷூதான் போட வேண்டும் என்று யாரோ சொன்னதை நம்பி, சாகுலின் ஷூவை வாங்கி ஒரு வாரம் விடுதி வராந்தாவில் நடந்து பழகினாய். அது உன் காலுக்கு இரண்டு விரல் பெரிது. நுனியில் பஞ்சு வைத்திருந்தாய். மெட்ராஸ் போகப்போவதாக வீட்டுக்கும் கடிதம் போட்டுவிட்டாய் என்று பிறகுதான் தெரிந்தது.

பொறுப்பாளரான பேராசிரியர் நம் மூவரையும் நூலகத்துப் பக்கத்து அறைக்குக் கூப்பிட்டார். தன் தாளைப் பார்த்தார். அதில் எல்லாப் பதில்களுக்கும் நேரே என் பெயர்தான். சாகுல் நோட்டை நீட்டினான்.

“சார், இதப் பாருங்க. பாதிக்கு மேல இவன் சொன்னது. அதுலயும் கஷ்டமான கேள்வி பூராவும் இவன்தான்.”

அவர் நோட்டைத் தொடவில்லை. “காதுல சொன்னதுக்கெல்லாம் மார்க் கிடையாதுப்பா. மைக்ல சொன்னதுக்குத்தான். மெட்ராஸ்ல போயி இவன் பேசுற இங்கிலீஷ் எவனுக்குப் புரியும்?”

உன் எதிரிலேயே சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார். “நீயே சொல்லு. அந்தப் பதில்லாம் யாரோடது?”

சாகுல் என்னைப் பார்த்தான். நீ பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாய். ஒரே ஒரு சொல் போதும். உன் பெயரைச் சொல்லியிருக்கலாம்.

“எல்லாரும் சேந்து யோசிச்சு சொன்னதுதான் சார்” என்றேன்.

பொய் என்று யாரும் சொல்ல முடியாத வாக்கியம். அப்படி ஒன்றை அந்த வயதிலேயே, அவ்வளவு வேகத்தில் கட்டத் தெரிந்திருந்தது எனக்கு. இன்று நினைத்தாலும் என் நாக்கை நினைத்து அருவருப்பாக இருக்கிறது.

“சரிதாம்ல” என்று மட்டும் சொல்லிவிட்டு நீ வெளியே போனாய். மறுநாள் காலையில் ஷூ, செய்தித்தாளில் சுற்றி, சாகுலின் கட்டிலடியில் இருந்தது. அந்த ஆண்டோடு படிப்பையும் விட்டாய். சாகுல் என்னோடு பேசுவதை நிறுத்தினான்.

மெட்ராஸில் என்ன நடந்தது என்று உனக்கு நான் சொன்னதேயில்லை. மூன்று சுற்றுகளில் ஒரே ஒரு பதில் சொன்னேன், அதுவும் தப்பு. பக்கத்தில் இருந்தவன், “உடம்பு சரியில்லையா?” என்று கேட்டான். ஆனால் ஊர் திரும்பியதும் வரவேற்பு. மெட்ராஸ் வரை போய் ஆடியவன் என்று கல்லூரி அறிக்கையில் எழுதினார்கள். மாலையை நான் தலை குனிந்து வாங்கிக்கொண்டேன்.

அதன் பிறகு உன்னை ஒரே ஒரு முறைதான் பார்த்தேன். இருபது ஆண்டுகள் கழித்து, தோணிகள் வந்து நிற்கும் பழைய துறைமுகத்தில். நான் வங்கி வேலையாக வந்திருந்தேன். நீ தோணியை நடத்தும் தண்டலாக ஆகியிருந்தாய். உப்புக்காற்றில் முகம் கறுத்திருந்தது. “ஏலே கேப்டன்!” என்று தூரத்திலிருந்தே கத்தினாய். டீ வாங்கிக் கொடுத்தாய்.

“அப்பர் வோல்டாவுக்கு இப்ப என்ன பேரு சொல்லு பாப்போம்?”

“புர்கினா பாசோ.”

“மார்க்கு உனக்குத்தான்” என்று தோளில் தட்டிச் சிரித்தாய். குத்திக் காட்டவில்லை. உண்மையாகவே சந்தோஷமாக இருந்தாய். அப்போதாவது மன்னிப்புக் கேட்டிருக்கலாம். வாய் வரை வந்தது. டீயைக் குடித்துவிட்டு, பேருந்துக்கு நேரமாகிறது என்று சொல்லிக் கிளம்பினேன். நேரம் ஆகவில்லை.

மலர் வந்த மறுவாரம் வெளியீட்டு விழா. பழைய மாணவர் சங்கத் தலைவர், நம்மைவிடப் பத்து வயது இளையவர், என்னை மேடைக்கு அழைத்தார். இந்த முறை சொல்லியே விட்டேன். உன் பெயரை, ஊரை, சர்காசோவை, அந்த அறையை, நான் சொன்ன அந்த வாக்கியத்தை, எல்லாவற்றையும். இந்தப் பட்டியல் பொய், என் பெயரை அடியுங்கள் என்றேன்.

கைதட்டினார்கள். எழுந்து நின்று தட்டினார்கள். தலைவர் ஓடிவந்து சால்வை போர்த்தினார். “எவ்வளவு பெருந்தன்மை பாருங்க! இதுக்காகவே அண்ணாச்சிதான் நம்பர் ஒன்” என்று மைக்கில் சொன்னார். பட்டியலைத் திருத்துவீர்களா என்று கேட்டேன். “அச்சாயிட்டே அண்ணாச்சி. ரெக்கார்டுல உங்க பேருதான இருக்கு” என்றார். உன்னைப் பற்றி நான் சொன்ன உண்மையும் எனக்கே மதிப்பெண்ணாக வந்து விழுந்தது. சீ என்று ஆகிவிட்டது. சால்வையை நாற்காலியிலேயே விட்டுவிட்டு வெளியே வந்தேன்.

மறுநாள் மணப்பாட்டுக்குப் போனேன். உன் மனைவி என்னைப் பார்த்ததில்லை. கல்லூரியில் உன்னோடு வினாடி வினா ஆடியவன் என்றேன்.

“அவுக அதெல்லாம் ஆடுனாகளா?” என்று வியந்தார். “எங்கிட்ட ஒருநாளும் சொன்னதில்லியே.”

முதலிலிருந்து சொன்னேன். மற்ற அணிகள் தள்ளிவிட்ட கேள்விகளை நீ எப்படிப் பிடிப்பாய் என்று சொன்னபோது அவர் முகம் மலர்ந்தது. கதை பேராசிரியரின் அந்த அறைக்கு வந்ததும் மாறியது. நான் முடித்ததும் கோபமே இல்லாமல், தெரிந்துகொள்வதற்காக மட்டும் கேட்டார்.

“அந்த சாரு கேட்டப்ப, நீங்க ஏன் சொல்லல?”

வயது என்றேன். பயம் என்றேன். ஆசை என்றும் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் அவர் தலையாட்டினார், ஆனால் இன்னும் ஏதோ வரும் என்பது போலப் பார்த்துக்கொண்டே இருந்தார். அந்தப் பார்வையோடு பேருந்து ஏறினேன். இப்போதும் அது என் எதிரே அப்படியே இருக்கிறது, காத்துக்கொண்டு.